‘வீடு நல்லாத்தான் இருக்கு’ என்று சொன்னவருக்குப் பொறுப்பு இல்லையா?

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைக் கடந்து சென்றபோது 600க்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலைச்சரிவுகள் வீடுகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு இறங்கின. மழை ஓய்ந்து, ஜனாஸாக்கள் அடக்கப்பட்டு, உலர் உணவுப் பொதிகள் பங்கிடப்பட்ட பின்னர், பள்ளிவாசல்களிலும் பாடசாலைகளிலும் உறவினர் வீடுகளிலும் தங்கியிருந்த குடும்பங்களிடம் ஒரு கேள்வி எஞ்சியிருந்தது. சுவர் வெடித்திருக்கிறது, முற்றத்தில் நிலம் பிளந்திருக்கிறது, இந்த வீட்டுக்குள் திரும்பிப் போகலாமா?

மண்சரிவுப் பிரதேசங்களில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் தகுதியுள்ள அரச நிறுவனம் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனமாகும். அதன் உத்தியோகத்தர்கள் மலைநாடெங்கும் சென்று வீடுகளைப் பார்வையிட்டார்கள். ஆனால் ஒரே நேரத்தில் வரிசையில் நின்ற ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு முன்னால் அந்த ஆளணி எம்மாத்திரம்? காத்திருக்க முடியாதவர்கள் ஊர் மேசன் பாஸிடம் கேட்டார்கள். கட்டாரில் கட்டிட வேலை பார்த்துவிட்டு வந்த மருமகனிடம் கேட்டார்கள். “இது பூச்சு வெடிப்புத்தான், வீடு நல்லாத்தான் இருக்கு” என்ற பதில் கிடைத்ததும் திரும்பிச் சென்றார்கள். சொன்னவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சொல்லை நம்பி உறங்கும் குடும்பத்தின் மேல் நாளை அந்தச் சுவர் விழுந்தால் யார் பொறுப்பு?

இது அனர்த்த காலத்துக்கு மட்டும் உரிய கேள்வியுமல்ல. 2017 மே மாதம் வெள்ளவத்தையில் பல மாடிக் கட்டிடமொன்று இடிந்து விழுந்தது. 2020 செப்டெம்பர் 20ஆம் திகதி கண்டி, பூவெலிகடையில் ஐந்து மாடிக் கட்டிடமொன்று பக்கத்து வீட்டின் மேல் சரிந்து பச்சிளம் குழந்தை உட்பட மூவரின் உயிரைப் பறித்தது. இரண்டு சந்தர்ப்பங்களிலும் சில நாட்கள் ‘அனுமதி கொடுத்தது யார்’ என்ற சத்தம் கேட்டது. பின்னர் அடங்கிப்போனது. ‘பார்த்தது யார்’ என்ற கேள்வியை நாம் அழுத்திக் கேட்கவில்லை.

இலங்கையில் வீடொன்றைச் சுற்றிப் பல கையெழுத்துகள் இருக்கின்றன. ஆனால் அந்த வீட்டில் வாழப்போகும் குடும்பத்தின் சார்பில் அதை முழுமையாகப் பரிசோதித்து, எழுத்தில் தந்து, அந்த எழுத்துக்குப் பொறுப்பேற்கும் ஒரு பயிற்றப்பட்ட தொழில் எம்மிடம் இல்லை. பயிற்சி, பொறுப்பு ஆகிய இரண்டையும் ஒன்றாகக் கொண்டுவராத வரை அடுத்த மழைக்கும் இதே கேள்வியையே கேட்டுக்கொண்டிருப்போம்.

ஒரு வீடு, பல கையெழுத்துகள்

ஒரு சாதாரணக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். வெளிநாட்டில் உழைத்த பணமும் உம்மாவின் நகையும் வங்கி நிதியும் சேர்த்து, எட்டுப் பேர்ச் காணியில் உள்ள பதினைந்து வருடப் பழைய மாடி வீடொன்றை வாங்க முடிவு செய்கிறார்கள். அவர்களது கையில் எத்தனை ஆவணங்கள் இருக்கும்?

முதலாவது, நொத்தாரிசின் கையெழுத்து. அவர் காணிப் பதிவகத்தில் தேடி உறுதி சுத்தமானதா, அடமானம் உண்டா என்று பார்க்கிறார். உறுதியில் உள்ள வெடிப்பை அவர் கண்டுபிடிப்பார். சுவரில் உள்ள வெடிப்பு அவரது வேலையல்ல.

இரண்டாவது, நில அளவையாளரின் வரைபடம். அது எல்லையைச் சொல்லும். அந்த எல்லையில் நிற்கும் மதிலின் பலத்தைச் சொல்லாது.

மூன்றாவது, உள்ளூராட்சி சபையின் ஆவணங்கள். 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டமும் 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டமும் கட்டிட அனுமதியையும் அதன் பின்னர் இணக்கச் சான்றிதழையும் வேண்டி நிற்கின்றன. மக்கள் இதை ‘சீஓசீ’ என்பார்கள். அனுமதித்த வரைபடத்துக்கு இணங்கவே கட்டிடம் எழுந்துள்ளது என்பதே அதன் பொருள். அச்சான்றிதழைப் பெறாமலேயே குடிபுகுந்த வீடுகள் எமது ஊர்களில் எத்தனை என்பது வாசகர்களுக்குத் தெரியும். பெற்றிருந்தாலும், பதினைந்து வருடங்களுக்கு முன்னர் இரண்டு மாடிக்கு வழங்கப்பட்ட சான்றிதழ், அதன் பின்னர் எழுந்த மூன்றாவது மாடியைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

நான்காவது, மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் 2011 முதல் கட்டிட அனுமதிக்காகக் கேட்கப்படும் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை. அது காணியையும் சரிவையும் பற்றியது. அதற்கு முன்னர் கட்டப்பட்ட வீடுகளுக்கு அப்படியொரு அறிக்கை பெரும்பாலும் இருக்காது.

ஐந்தாவதுதான் மிகவும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது. வங்கிக்காகத் தயாரிக்கப்படும் விலை மதிப்பீட்டு அறிக்கை. கட்டணம் கட்டுவது வாடிக்கையாளர். அறிக்கை போவது வங்கிக்கு. கடன் திரும்பி வராவிட்டால் இந்தச் சொத்தை விற்று எவ்வளவு எடுக்கலாம் என்பதே அதன் நோக்கம். கட்டமைப்பு பரிசோதிக்கப்படவில்லை, மறைவான பகுதிகள் பார்க்கப்படவில்லை என்ற வாசகம் அதன் ஓர் ஓரத்தில் இருக்கும். ஆனால் குடும்பத்தில் பேசிக்கொள்வது என்ன? “பேங்கால வந்து பாத்திட்டுப் போயிட்டாங்க, எல்லாம் சரியாம்.”

ஆக, ஐந்து பேர் வந்து போய்விட்டார்கள். தூணையும் பீமையும் கூரையையும் மின்சார இணைப்பையும் வாங்குபவருக்காகப் பார்த்தவர் ஒருவருமில்லை.

சட்டத்தில் இடம் இருக்கிறது, நடைமுறையில் வழி இல்லை

எமது நாட்டில் சட்டமே இல்லை என்று சொல்ல முடியாது. சொத்து விற்பனையில் எமது பொதுச் சட்டமாக உள்ள உரோமன் டச்சுச் சட்டம், விற்ற பொருளில் மறைவான குறை இருந்தால் வாங்கியவருக்கு நிவாரணம் தருகிறது. குறை பாரதூரமானதென்றால் விற்பனையையே ரத்துச் செய்யக் கோரலாம். இல்லாவிட்டால் விலையைக் குறைக்கக் கோரலாம். ஆனால் நிதானமான ஒருவர் பார்த்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும் குறைக்கு இந்த நிவாரணம் கிடையாது. அதாவது வாங்குபவர் நன்றாகப் பார்த்திருக்க வேண்டும் என்று சட்டம் எதிர்பார்க்கிறது. பார்க்கத் தெரியாத ஒரு கடைக்காரரோ ஆசிரியையோ யாரைக் கொண்டு பார்ப்பது என்பதற்கு எந்த ஏற்பாடும் இல்லை.

அடுத்தது கவனயீனம். தனது தொழில் திறமையை நம்பி ஒருவர் செயற்படுவார் என்று தெரிந்தும் கவனமின்றி அபிப்பிராயம் கொடுத்து நட்டம் ஏற்படுத்தியவரிடம் இழப்பீடு கோரி சிவில் வழக்குத் தொடர இடமுண்டு. உயிரிழப்பு ஏற்பட்டால், தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவு கவனயீனத்தால் மரணம் விளைவிப்பதைக் குற்றமாக்கி ஐந்து வருடம் வரை சிறைத்தண்டனை விதிக்க இடமளிக்கிறது.

எனினும் மூன்று தடைகள் குறுக்கே நிற்கின்றன. முதலாவது காலம். வழக்குத் தொடர்வதற்கான கால எல்லையை வகுக்கும் 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், இவ்வாறான தீங்குக்கான இழப்பீட்டு வழக்குக்கு இரண்டு வருடங்களையே தருகிறது. எழுத்து மூல ஒப்பந்தம் இருந்தால் ஆறு வருடங்கள். கொங்கிறீட்டுக்குள் துருப்பிடிக்கும் கம்பியோ ஐந்தாறு வருடங்கள் சத்தமில்லாமல் இருந்துவிட்டுத்தான் வெளியே தெரியும். அந்த இரண்டு வருடங்களை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதிலேயே வழக்கு இழுபட்டுப் போகலாம். இரண்டாவது சான்று. வாய்ப்பேச்சில் “நல்லாத்தான் இருக்கு” என்று சொன்னதை எந்த நீதிமன்றத்தில் எப்படி நிரூபிப்பது? மூன்றாவது பணம். வழக்கில் வென்றாலும், தினக்கூலிக்கு உழைக்கும் மேசன் பாஸிடமிருந்து எண்பது இலட்சம் ரூபாவை எப்படி அறவிடுவது? தொழில்சார் பொறுப்புக் காப்புறுதி இல்லாத இடத்தில் தீர்ப்பு வெறும் காகிதமே.

வேறு நாடுகளில் என்ன நடந்தது?

1989இல் பிரித்தானியாவின் அப்போதைய உச்ச மேன்முறையீட்டு மன்றமான பிரபுக்கள் சபை வழங்கிய தீர்ப்பொன்று இங்கு மிகவும் பொருந்தும். ஒரு பெண் 18,000 பவுண் விலையில் சாதாரண வீடொன்றை வாங்கினார். கடன் கொடுத்த நிறுவனம் அனுப்பிய அளவையாளர், பாரிய திருத்தம் எதுவும் தேவையில்லை என்று அறிக்கை கொடுத்திருந்தார். அந்த வீட்டின் மாடியில் புகைபோக்கியின் அடிப்பகுதியை யாரோ முன்னர் அகற்றியிருந்தார்கள். மேலே நின்ற மிகுதிப் பகுதிக்குத் தாங்கல் இருக்கிறதா என்பதை அளவையாளர் பார்க்கவில்லை. சுமார் 18 மாதங்களில் செங்கற்கள் கூரை வழியாகப் படுக்கையறைக்குள் விழுந்தன.

அறிக்கையில் ‘நாம் பொறுப்பல்ல’ என்ற வாசகம் இருந்தது. ஆனால் நீதிமன்றம் அளவையாளரைப் பொறுப்பாளியாக்கியது. சாதாரண வீடு வாங்கும் ஒருவர் வேறொரு நிபுணருக்கும் கட்டணம் செலுத்தமாட்டார், இந்த அறிக்கையையே நம்புவார் என்பது அளவையாளருக்குத் தெரியும். அப்படியிருக்க, ஒரு வரியை எழுதிவிட்டுப் பொறுப்பைக் கைகழுவ விடுவது நியாயமல்ல என்பதே தீர்ப்பின் சாரம். இதற்கு அடிப்படையாக அமைந்தது நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் பற்றிய அந்நாட்டின் 1977ஆம் ஆண்டுச் சட்டம்.

அதே நோக்கத்தில் இலங்கையிலும் 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ‘நாம் பொறுப்பல்ல’ என்ற வாசகத்தைக் கண்டதும் வாயடைத்துப் போகத் தேவையில்லை. அந்த வாசகம் நியாயமானதா என்று கேட்க எமது சட்டத்திலும் வழியுண்டு. ஆங்கிலத் தீர்ப்புகள் எமது நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாவிட்டாலும், அவை எடுத்துக்காட்டப்பட்டுப் பரிசீலிக்கப்படுவது வழமை.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2009இல் வீட்டுப் பரிசோதகர்களுக்கு அனுமதிப்பத்திரத்தைக் கட்டாயமாக்கியது. அதே ஆண்டு அம்மாகாண நீதிமன்றமொன்று, திருத்தச் செலவு சுமார் 20,000 டொலர் என்று பரிசோதகர் குறிப்பிட்ட வீடொன்றுக்கு உண்மையில் 200,000 டொலருக்கும் மேல் தேவைப்பட்ட வழக்கில், அவர் 190,000 டொலருக்கும் அதிகமான தொகையைச் செலுத்த வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. எழுத்தில் சொன்ன சொல்லுக்கு எவ்வளவு கனம் என்பதை இந்தத் தீர்ப்பு காட்டியது.

ஆனாலும் மேற்கு நாடுகளின் முறையை அப்படியே எடுத்து இங்கு ஒட்ட வேண்டும் என்று சொல்ல வரவில்லை. அங்கும் குறைகள் உள்ளன. பரிசோதனை பெரும்பாலும் கண்ணால் பார்ப்பதோடு நின்றுவிடுகிறது. பொறுப்பைப் பரிசோதனைக் கட்டணத்தின் அளவுக்குள் முடக்கும் ஒப்பந்தங்கள் உள்ளன. வீட்டுத் தரகர் சிபாரிசு செய்யும் பரிசோதகர், அடுத்த சிபாரிசையும் எதிர்பார்த்துக் குறைகளை மென்மையாக எழுதும் ஆபத்தும் உண்டு. தரகரை வைத்தே வீடு வாங்கும் எமது நாட்டில் இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

எமது மரபுக்குப் புதிதல்ல

இதெல்லாம் மேற்கத்தேயச் சிந்தனை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. குறையுள்ள பொருளை அக்குறையைச் சொல்லாமல் சகோதரனுக்கு விற்பது ஆகுமானதல்ல என்பது நாம் அறிந்த நபிவழிப் போதனை. குறை கண்ட வாங்குபவருக்கு விற்பனையைத் திருப்பும் உரிமை உண்டு என்பதை ‘கியாருல் ஐப்’ என்ற தலைப்பில் பிக்ஹு நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. மருத்துவம் அறிந்தவராக அறியப்படாத ஒருவர் மருத்துவம் பார்த்துத் தீங்கு விளைந்தால் அவரே பொறுப்பாளி என்ற கருத்தில் அபூதாவூத், நஸாயீ, இப்னு மாஜா ஆகிய கிரந்தங்களில் நபிமொழி பதிவாகியுள்ளது. பயிற்சியையும் பொறுப்பையும் ஒரே கயிற்றில் கட்டும் போதனை அது. கற்றுத் தேறாமல் நிபுணத்துவம் பேசுபவருக்கு நல்லெண்ணம் மட்டும் கேடயமாகாது.

ஹனபி மத்ஹபின் சட்ட அறிஞர்கள் சாய்ந்த சுவரைப் பற்றித் தனியாகவே ஆராய்ந்துள்ளார்கள். சுவர் தெருப்பக்கம் சாய்ந்திருக்கிறது என்று உரிமையாளருக்கு எச்சரிக்கை கொடுக்கப்பட்டு, அதை அகற்றப் போதிய அவகாசமும் கிடைத்து, அவர் அசட்டையாக இருந்து அது விழுந்தால் அவர் நட்டஈடு கொடுக்க வேண்டும். இந்த விதி உஸ்மானிய ஆட்சியில் 1876இல் நிறைவுபெற்ற மஜல்லா சட்டத்தொகுப்பிலும் இடம்பெற்றது. 1334இல் வபாத்தான துனிஸ் நகரத்து இப்னுர் ராமி கொத்தனார் தொழில் செய்தவர். அயலவர் வழக்குகளில் சுவர்களையும் வடிகால்களையும் நேரில் பார்த்துக் காழிமாருக்கு நிபுணர் சாட்சியம் சொன்னவர். அந்த அனுபவத்தைக் கொண்டு கட்டிடச் சட்டங்கள் பற்றி ஒரு நூலும் எழுதினார். தொழில் தெரிந்தவரும் சட்டம் தெரிந்தவரும் ஒருவராகவே இருந்த காலம் எமது வரலாற்றில் இருந்திருக்கிறது.

இஸ்லாமிய நிதி நிறுவனங்களுக்கும் இதில் ஒரு கேள்வி உண்டு. முறாபஹா முறையில் நிறுவனம் சொத்தை வாங்கி வாடிக்கையாளருக்கு விற்கிறது. அப்படியானால் அது கடன் கொடுப்பவர் மட்டுமல்ல, விற்பவரும்கூட. குறைகளுக்குத் தான் பொறுப்பல்ல என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்து விலகிக்கொள்ள இடமிருக்கலாம். ஆனால் பங்காளித்துவம், நியாயம் என்றெல்லாம் பேசும் ஒரு முறைமை, விலை மதிப்பீட்டோடு கட்டமைப்புப் பரிசோதனை ஒன்றையும் ஏன் கட்டாயமாக்கக் கூடாது? ஷரீஆ ஆலோசனைச் சபைகள் இதைச் சிந்திக்க வேண்டும்.

எதைக் கற்க வேண்டும்?

“இதற்கெல்லாம் பயிற்சியா? அனுபவம் போதாதா?” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அனுபவமுள்ள மேசன் பாஸின் கை திறமையானது. ஆனால் கட்டுவது வேறு, கட்டி முடிந்ததைப் படிப்பது வேறு.

உதாரணத்துக்கு வெடிப்பை எடுத்துக்கொள்வோம். பிரித்தானிய ஆய்வாளர்கள் வகுத்து உலகெங்கும் பயன்படும் ஓர் அளவுகோலில், 0.1 மில்லிமீற்றருக்குக் குறைவானது மயிரிழை வெடிப்பு. அதைப் பொருட்படுத்தத் தேவையில்லை. 5 மில்லிமீற்றரைத் தாண்டினால் கதவும் யன்னலும் இறுகத் தொடங்கும். 25 மில்லிமீற்றரைத் தாண்டினால் கட்டிடமே நிலைகுலையும் அபாயம். அகலம் மட்டும் போதாது. படிக்கட்டுப் போலச் சாய்ந்து ஏறும் வெடிப்பு அத்திவாரம் ஒரு பக்கம் இறங்குவதைக் காட்டலாம். பீமின் கீழ்ப்பக்கம் நீளமாக ஓடும் வெடிப்பும் துருக்கறையும் உள்ளே கம்பி ஊதுவதைக் காட்டலாம். வெடிப்பு வளர்கிறதா என்பதை அறிய அதன் குறுக்கே சிறு கண்ணாடித் துண்டை ஒட்டித் திகதியிட்டு வைக்க வேண்டும். கண்ணாடி உடைந்தால் வெடிப்பு இன்னும் அசைகிறது.

மலைநாட்டில் இன்னும் சில. தாங்கு மதிலில் நீர் வெளியேறும் துளைகள் உண்டா, அவை அடைபட்டுள்ளனவா? வீட்டுக்கு மேலே வெட்டப்பட்ட மண் நிமிர்ந்து நிற்கிறதா? மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்துள்ளனவா? திடீரென ஊற்று கிளம்பியுள்ளதா? கரையோர ஊர்களிலோ வேறு பிரச்சினை. உப்புக் காற்றும், சரியாகக் கழுவாத கடல் மணலும் கம்பியை அரிக்கின்றன. எல்லா ஊருக்கும் பொதுவானது மின்சாரம். கசிவு ஏற்பட்டால் மின்னைத் துண்டிக்கும் ட்ரிப் ஸ்விச் வேலை செய்கிறதா என்பதைப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

எமது சமூகத்துக்கே உரிய இன்னொன்று, மகளுக்காக எழும்பும் மேல் மாடி. திருமணப் பேச்சு முற்றாகியதும் வாப்பா இருக்கிற காசைத் திரட்டி, உள்ள வீட்டின் மேல் இன்னொரு சிலாப் போடுகிறார். கீழே உள்ள அத்திவாரம் ஒரு மாடிக்கென்று போடப்பட்டது. தூணுக்குள் எத்தனை கம்பி இருக்கிறது என்பது கட்டிய பாஸுக்கு மட்டுமே தெரியும், அவரும் இப்போது இல்லை. இந்த இடத்தில் ஒரு பரிசோதகரின் மிக முக்கியமான தகைமை, தனக்கு எங்கு வரையறை என்று தெரிந்திருப்பது. “இதைச் சொல்ல எனக்குத் தகுதியில்லை, கட்டமைப்புப் பொறியியலாளரிடம் காட்டுங்கள்” என்று எழுத்தில் சொல்லக் கற்றுக்கொடுப்பதே பயிற்சியின் பாதி. மற்றப் பாதி, எதைப் பார்த்தேன், எதைப் பார்க்க முடியவில்லை, ஏன் முடியவில்லை என்பதைச் சாதாரண மனிதருக்கு விளங்கும் தமிழிலும் சிங்களத்திலும் அறிக்கையாக எழுதுவது.

இதற்கு ஆட்கள் எம்மிடம் இல்லாமலில்லை. தொழில்நுட்பக் கல்லூரிகளில் படித்தவர்கள், பொறியியல் டிப்ளோமாதாரிகள், கணிய அளவையியல் கற்று வளைகுடாவில் பெரிய நிர்மாணத் தளங்களில் தரக் கட்டுப்பாட்டு வேலை பார்த்துத் திரும்பிய இளைஞர்கள் எமது ஊர்களில் நிறையவே உள்ளனர். அவர்களுக்குத் தேவை, முறையான மேலதிகப் பயிற்சியும் பரீட்சையும் பதிவும்.

என்ன செய்யலாம்?

முதலாவது, பதிவு. 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகார சபை ஒப்பந்தகாரர்களைப் பதிவு செய்கிறது. 2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பொறியியல் பேரவை பொறியியல்துறையினரைப் பதிவு செய்கிறது. இந்தக் கட்டமைப்புக்குள் வீட்டுப் பரிசோதகர் என்ற தனி வகையை உருவாக்கி, தேசிய தொழிற்தகைமை மட்டமொன்றை அதற்கு நிர்ணயிக்கலாம். இதற்குப் புதிய அதிகார சபை தேவையில்லை.

இரண்டாவது, காப்புறுதி. பதிவுபெற ஒவ்வொருவரும் தொழில்சார் பொறுப்புக் காப்புறுதி வைத்திருக்க வேண்டும். இது வாங்குபவரை மட்டுமன்றிப் பரிசோதகரையும் பாதுகாக்கும். நேர்மையாக வேலை செய்த ஒருவர் ஒரு தவறால் தெருவுக்கு வராமலிருக்க இதுவே வழி. காப்புறுதியின்றிப் பொறுப்பை மட்டும் சுமத்தினால், நேர்மையானவர்கள் ஒதுங்கிவிடுவார்கள். இழப்பதற்கு ஒன்றுமில்லாதவர்களே இந்தத் தொழிலில் மிஞ்சுவார்கள்.

மூன்றாவது, விசுவாசம் யாருக்கு என்பதில் தெளிவு. பரிசோதகரை நியமிப்பவரும் கட்டணம் கொடுப்பவரும் வாங்குபவராகவே இருக்க வேண்டும். தரகரிடமோ விற்பவரிடமோ பணம் பெறுவது பதிவை இழக்கும் குற்றமாக வேண்டும். வங்கிக்கான மதிப்பீட்டு அறிக்கையின் முதல் பக்கத்திலேயே, இது வீட்டின் பாதுகாப்பைப் பற்றியதல்ல என்று பெரிய எழுத்தில், வாடிக்கையாளரின் மொழியில் இருக்க வேண்டும்.

நான்காவது, அனர்த்த காலம். பயிற்றப்பட்ட பரிசோதகர்களின் பட்டியலொன்று ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் இருந்தால், தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் வழிகாட்டலில் முதற்கட்டப் பார்வையை அவர்கள் செய்யலாம். முழுச் சேதமா, பகுதிச் சேதமா என்ற ஒரு சொல்லில் ஒரு குடும்பத்தின் உதவித் தொகையே தங்கியிருக்கும்போது, அச்சொல்லை எழுதுபவர் பயிற்சி பெற்றவராகவும் பதில் சொல்லக் கடமைப்பட்டவராகவும் இருப்பது அவசியம்.

இவையெல்லாம் அரசாங்கம் செய்ய வேண்டியவை. நாமே தொடங்கக்கூடியதும் உண்டு. எமது பள்ளிவாசல்கள், மத்ரஸாக்கள், ஹிப்ழ் விடுதிகள் பலவும் நன்கொடை கிடைக்கக் கிடைக்க மாடி மாடியாக எழுந்தவை. ஜும்ஆவுக்கு நூற்றுக்கணக்கானோர் கூடும் மேல் மாடியை ஒரு பொறியியலாளர் கடைசியாக எப்போது பார்த்தார்? நிர்வாக சபைகள் இந்தக் கேள்வியை அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கலாம். ஸகாத் நிதியில் வீடு கட்டிக்கொடுக்கும் அமைப்புகள், திறப்பைக் கையளிக்கும் முன்னர் தம்மோடு தொடர்பில்லாத ஒருவரின் பரிசோதனை அறிக்கையைப் பெறலாம். அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் நிதியில் சுனாமியால் பாதிக்கப்பட்டோருக்கெனக் கட்டப்பட்ட 500 வீடுகள் பல்லாண்டுகள் பூட்டிக் கிடந்ததை நாம் அறிவோம். மூடிக் கிடந்த அப்படியான வீடுகளுக்குள் எவரேனும் குடிபுகும் முன்னர், ஒவ்வொன்றின் கூரையும் தூணும் பார்க்கப்பட வேண்டும்.

தனி மனிதராக நாம் செய்யக்கூடியது இன்னும் எளிது. வீடு வாங்க முற்பணம் கொடுக்கும் முன்னர் அல்லது மேல் மாடி போடும் முன்னர், பதிவுபெற்ற பொறியியலாளர் ஒருவரை அழைத்து எழுத்தில் அறிக்கை கேளுங்கள். அவரது பெயர், பதிவிலக்கம், திகதி மூன்றும் அதில் இருக்க வேண்டும். விற்பனை ஒப்பந்தத்தில், தனக்குத் தெரிந்த குறைகள் எவை என்று விற்பவரும் எழுதிக் கையெழுத்திடட்டும். கல்யாண மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் கணக்குப் பார்க்காமல் செலவழிக்கும் நாம், எண்பது இலட்சத்துக்கு வீடு வாங்கும்போது ஒரு பரிசோதனைக் கட்டணத்தில் மிச்சம் பிடிக்கிறோம்.

டித்வாவுக்குப் பின்னர் மலைநாட்டில் வீடுகள் மீண்டும் எழத் தொடங்கியுள்ளன. சில பழைய இடத்திலேயே, சில வெடித்த சுவருக்குப் பூச்சுப் பூசப்பட்டு. அடுத்த பருவ மழை வருவதற்குள் அந்தச் சுவர்களைத் தட்டிப் பார்த்து, கண்டதை எழுதி, கீழே தன் பெயரை இட ஒருவர் முன்வர வேண்டும். அப்படியான ஒருவரை உருவாக்குவதும், அவர் எழுதியதற்கு அவரைப் பதில் சொல்ல வைப்பதும் அரசாங்கத்தினதும் எமதும் கடமையாகும்.